தேறாதுக் கடை

"தேறும்னு சொல்லுங்கப்பா."

கடையில் ஆள் இருக்கும்போது இதை மட்டும் அப்பாவிடம் கேட்கக் கூடாது என்று அம்மா அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். எரிஞ்ச மோட்டார் காயிலைத் தொடாதே, பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். இன்றைக்கு அவள் கேட்டுவிட்டாள். அதுவும், ரொட்டிக்கடை அக்கா மாவு பிசைகிற மெஷினின் மோட்டாரைக் காலடியில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிறவளைப் போல உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து.

அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எது தேறும்னு சொல்லணும்?"

"நான்."

ரொட்டிக்கடை அக்கா மோட்டாரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். இப்போது எதைப் பழுது பார்க்கிறார்கள் என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை.

"உள்ள போ," என்றார் அப்பா. அப்புறம் குனிந்து மோட்டாரை முகர்ந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "தேறாதுங்க," என்றார் அக்காவிடம்.

அது மோட்டாருக்குக் காயில் என்கிற தாமிரக் கம்பிச் சுருளைக் கட்டுகிற கடை. கருகிய தாமிரமும் வார்னிஷும் கலந்த வாடை தெருமுனையிலேயே ஆளை வரவேற்கும். முன்பக்கம் அப்பாவின் மேஜை. நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் அம்மா தரையில் உட்கார்ந்து, காயில்களை ஒழுங்குபடுத்தி, நூல் போட்டு இறுக்கிக் கட்டுவாள். அதற்கும் பின்னால் வீடு. ஆக, வீட்டுக்குப் போகிற எவரும் மோட்டார்களைத் தாண்டித்தான் போக வேண்டும். வீட்டிலிருந்து எங்கே போவதானாலும் அப்படியே.

பெயர்ப்பலகையில் வேறு என்னவோ எழுதியிருந்தது. ஊர் அதை 'தேறாதுக் கடை' என்றுதான் சொன்னது. காரணம் அப்பாவின் தொழில்முறை. எந்த மோட்டார் வந்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். அப்புறம் "தேறாதுங்க" என்பார். கொண்டுவந்தவர் முகம் தொங்கிப் போகும். அது நன்றாகத் தொங்கி முடிகிறவரைக்கும் காத்திருந்துவிட்டு, "வச்சிட்டுப் போங்க, பாக்குறேன்" என்பார். வேலை முடிந்து அவர்கள் எடுக்க வரும்போது இன்னொரு வாக்கியம்: "எடுத்துட்டுப் போங்க. நின்னா கொண்டு வாங்க." அவர் கையால் கட்டிய மோட்டார் ஓட்டத்தில் லேசில் நிற்காது. மொத்தத் தொழிலும் இந்த வாக்கியங்களுக்குள்தான் ஓடியது. தேறும் என்று சொல்லித் தேறாமல் போனால் செருப்படி, தேறாது என்று சொல்லித் தேறிவிட்டால் கும்பிடு. இதில் எது லாபம் என்று அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பழைய முதலாளி கேட்ட கேள்விக்கு அவர் வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொழில்முறை தொழிலோடு நின்றிருந்தால் யாருக்கும் வம்பில்லை. கடை ஷட்டரைச் சாத்தும்போது அந்த வார்த்தையையும் உள்ளே வைத்துப் பூட்ட அவருக்குத் தெரியவில்லை. மகள் நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோது முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்து, "தேறாது" என்றார். முதல் நாள் மூக்கில் தண்ணீர் ஏறியதும், 'அப்பா சொன்னது சரிதான்' என்று அவள் கரையேறி விட்டாள். இஞ்சினீயரிங் சேர்ந்தபோதும் அதையேதான் சொன்னார். அதைக் கோபத்திலேயே படித்து முடித்தாள். வம்சத்திலேயே முதல் பட்டம். அதைக் கையில் கொடுத்தபோது, "சரி" என்றார். பட்டத்தில் வார்னிஷ் பட்டுவிடாமல் ஓரமாக வைத்துவிட்டு மோட்டாருக்குத் திரும்பினார்.

வீட்டில் அவளுக்குப் பெயர் டிகிரி. மாமா வைத்த பெயர். பாராட்டாக வைத்ததில்லை. "டிகிரி, குடத்துல தண்ணி இல்ல பாரு. டிகிரி, ஃபேன் ஏன் கத்துது, புக்குல போடலியா?"

அந்த டிகிரிக்கு இப்போது கப்பலில் மின்சார அதிகாரியாகப் போவதற்கான பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. துறைமுக நகரத்தில் சில மாதம் படிப்பு, அப்புறம் கடல். வருகிறாயா இல்லையா என்று மறுநாள் சாயங்காலத்துக்குள் போனில் சொல்லியாக வேண்டும். போவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, வயது வந்தவள். ஆனால் அந்த வார்த்தையைக் காதில் வைத்துக்கொண்டு போனால், கப்பலில் முதல் வாந்தி வந்ததுமே 'அப்பா சொன்னது சரிதான்' என்று திரும்பி வந்துவிடுவோம் என்று தன்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மாற்றாக ஒரே ஒரு வார்த்தை அவளுக்கு வேண்டும். அதுதான் கடையில் கேட்டது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் ஊருக்கு ஜலதோஷம், கடைக்கு வியாபாரம். நனைந்த மோட்டார்களையெல்லாம் போட்டுப் புகைய விட்டுக் கொண்டு வருவார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது, அம்மாவின் அண்ணன் லோடு ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுத் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். மோட்டார்களை ஏற்றி இறக்குவது அவர் வேலை. எந்தப் பேச்சையும் 'ஆனா' என்று ஆரம்பிப்பார் என்பதால் அவருக்கு ஆனா மாமா என்று பெயர். இது டிகிரி வைத்த பெயர். கணக்குச் சரியாகப் போயிற்று.

தட்டைப் பார்த்தார். "ஆனா இன்னைக்கும் கீரையா?"

"கிடைச்சதைத்தானே வாங்க முடியும்," என்றாள் அம்மா.

"மாசக்கணக்கா கீரைதான் கிடைக்குதா? மார்க்கெட்ல மத்த காயெல்லாம் வேலைநிறுத்தமா?"

அம்மா இன்னும் ஒரு கரண்டி கீரையை அவர் தட்டில் போட்டாள்.

"மாமா, நான் கப்பல்ல வேலைக்குப் போறேன்," என்றாள் டிகிரி.

"கேள்விப்பட்டேன். நல்ல விஷயம். ஆனா கப்பல் மூழ்குமே."

"எல்லாக் கப்பலுமா மூழ்குது?"

"மூழ்காத கப்பலைப் பத்தி யாரு பேசுறா? ஆனா ஒண்ணு கேக்குறேன், நீ டவுன் பஸ்ஸுல ஏறினாலே ஜன்னலோரம் கேப்பே. எலுமிச்சம்பழம் வேற கேப்பே. கடல்ல ஜன்னலோரம் உக்காந்து எவ்வளவு எலுமிச்சம்பழம் மோப்பம் பிடிப்பே?"

"பழகிடும்."

"பழகும். ஆனா பழகுறதுக்குள்ள கரை வந்துடும். நான் ஃபேன் ஷோரூம்ல சொல்லி வச்சிருக்கேன். உக்காந்த வேலை. தலைக்கு மேல ஃபேனு, பக்கத்துல ஃபேனு. விரலுக்குத் தக்க வீக்கம் வேணும்."

இந்த மொழியில் இருக்கிற பழமொழியில் பாதி, எழுந்து நிற்கிறவளைப் பிடித்து உட்கார வைப்பதற்கென்றே யாரோ வேலை மெனக்கெட்டுச் செய்தது மாதிரி டிகிரிக்குத் தோன்றும். அகலக்கால் வைக்காதே, ஆழம் தெரியாமல் காலை விடாதே. எல்லாம் காலைப் பற்றியே. கால் இருப்பதே மடக்கி வைக்கத்தான் போல.

"அப்பா, நீங்க சொல்லுங்க."

அப்பா சோற்றைப் பிசைந்தார். "கடல் காத்துல உப்பு ஈரம். எந்தக் காயிலும் தாங்காது."

"நான் காயிலைக் கேக்கல."

"எல்லாம் ஒண்ணுதான்."

"உங்கப்பாவை விடு," என்றாள் அம்மா. "எனக்குக் கல்யாணம் பேச வந்தப்பவே, என்னை ஒரு பார்வை பாத்துட்டு எங்கண்ணன்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? 'சரிப்பட்டு வராதுன்னுதான் தோணுது. இருக்கட்டும், பாக்குறேன்' அப்படின்னாரு. இன்னும் பாத்துக்கிட்டே இருக்காரு."

மாமா சிரித்ததில் கீரை புரையேறியது. அப்பா சிரிக்கவில்லை. கை கழுவ எழுந்தவர், திரைக்கு அந்தப் பக்கம் போய், இருட்டில் மோட்டார்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாள் காலையும் மழை விடவில்லை. முதல் ஆளாக சலூன்காரர் நனைந்த டேபிள் ஃபேனோடு வந்து, அதை மேஜையில் வைத்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போடத் தயாராக நின்றார்.

அப்பா முகர்ந்து பார்க்கவில்லை. சலூன்காரரையும் பார்க்கவில்லை. திரைப்பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "தேறும்ங்க," என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"தேறும்."

"கழட்டிக்கூடப் பாக்கலியே."

"பாக்க வேணாம். தேறும்."

சலூன்காரர் ஃபேனை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இல்ல... வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்." ஃபேனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் இறங்கினார். அடுத்து வந்த தையல்காரரும் அதே பதிலைக் கேட்டார். நேரே திரையை விலக்கி அம்மாவிடம், "அவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?" என்று ரகசியமாக விசாரித்துவிட்டு, தையல் மெஷின் மோட்டாரைப் பையிலிருந்து எடுக்காமலே போனார்.

கடைசியாக ரொட்டிக்கடை அக்கா குடையோடு வந்து நின்றாள். மோட்டார் இல்லாமல் விடியற்காலையிலிருந்து கையால் மாவு பிசைந்து தோள் இரண்டும் கழன்றிருந்தது.

"பாத்தீங்களாண்ணே?"

"இன்னும் பிரிக்கல. தேறும்ங்க."

அக்காவின் முகம் வெளுத்தது. "நேத்து தேறாதுன்னீங்களே."

"இன்னைக்குத் தேறும்."

"ஒரே ராத்திரியில எப்படிண்ணே? உள்ள ஏதாவது மாத்திட்டீங்களா?"

"தொடவே இல்ல."

"தொடாமலேவா தேறுது? அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. தேறாதுன்னு நீங்க சொன்னா ஒரு நிம்மதி. ராத்திரி தூங்கினேன். இனி எங்க தூங்குறது?" ரொட்டி தள்ளுவண்டியைக் கொண்டுவரச் செய்து, மோட்டாரை ஏற்றி, அதன் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி போனாள்.

அப்பா வெறும் மேஜையை ஒரு தடவை துடைத்தார். அப்புறம், தொழிலில் கரை கண்ட ஆளின் நிதானத்தோடு திரையை விலக்கினார்.

"பாத்தியா? தேறும்னு சொல்லச் சொன்னே. சொன்னேன். ஒரு மோட்டார் தங்கல."

டிகிரிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் முந்திக்கொண்டது.

"மோட்டாருக்கு ஏன் சொன்னீங்க? நான் எனக்குத்தானே கேட்டேன்?"

"மோட்டாருக்குச் சொல்லி என்ன ஆகுதுன்னு பாத்தேன்."

"மோட்டாருக்குக் காது கிடையாதுப்பா. நீங்க தேறாதுன்னாலும் தேறும்னாலும் அதுபாட்டுக்கு ஓடும். எனக்குக் காது இருக்கு. நீச்சலுக்குப் போனப்ப தண்ணி மூக்குலதான் ஏறுச்சு, நான் கரையேறினது உங்க பேச்சு காதுல இருந்ததால."

அப்பா மேஜைக்கே திரும்பி, ஒழுங்காக இருந்த ஸ்பேனர்களை மறுபடி ஒழுங்குபடுத்தினார்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஆனா மாமா, "அதெல்லாம் இருக்கட்டும். ஆனா ரொட்டிக்கடை மோட்டாரைப் போய்த் திருப்பி எடுத்துட்டு வரணுமே. நல்ல வாடிக்கை. ஆனா இந்த மழையில நான் வண்டி எடுக்க மாட்டேன். முட்டி குத்துது," என்றார்.

"நான் எடுத்துட்டு வர்றேன்," என்றாள் அம்மா. கையில் கட்டும் நூல் சுற்றியிருந்தது. பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எப்படி?"

"லோடு ஆட்டோவுலதான்."

"யாரு ஓட்டுறது?"

"நான்தான்."

டிகிரி யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது. "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? இந்த வயசுல, இந்த மழையில... அதெல்லாம் தேறாது."

முதலில் சிரித்தது அப்பா. அவர் சிரித்து அவள் பார்த்தது குறைவு. தோள் குலுங்க, சத்தமில்லாமல், வார்னிஷ் பிரஷைக் கையில் பிடித்தபடி சிரித்தார்.

"கடைக்கு அடுத்த ஆள் இல்லையேன்னு கவலைப்பட்டேன்," என்றார். "குரல்கூட அப்படியே வருது."

டிகிரிக்கு முகம் எரிந்தது. நாக்கைப் பிடுங்கி வார்னிஷ் டப்பாவில் முக்கிவிடலாம் போலிருந்தது. வருஷக்கணக்காக யார் வாயை அடைக்கத் துடித்தாளோ அந்த வாய் தன் முகத்திலேயே இருக்கிறது.

அம்மா ஒன்றும் நடக்காதது போல ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தாள். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். லைசென்ஸும் வாங்கியாச்சு."

"எப்ப?" என்று மூன்று பேரும் கேட்டார்கள்.

"காலையில மார்க்கெட் போறேன்னு போவேன்ல. அங்க இல்ல, டிரைவிங் கிளாஸுக்குத்தான் போனேன்."

ஆனா மாமா எழுந்தே விட்டார். "அப்ப கீரை?"

"அந்த டிரைவிங் ஸ்கூல் வாசல்ல ஒரு அம்மா கீரை மட்டும்தான் விக்குது. மார்க்கெட் வரைக்கும் போக நேரம் ஏது?"

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். மாதக்கணக்கில் தின்ற கீரை மொத்தமும் அவர் கண்முன் வரிசையாக வந்து போயிருக்க வேண்டும்.

"ஏன் சொல்லல?" என்றார் அப்பா.

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அப்பா பிரஷைப் பார்த்தார்.

"அதான். தேறின பிறகு சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்." டிகிரியின் பக்கம் திரும்பினாள். "வர்றியா? மோட்டாரைத் தூக்க ஒரு கை வேணும்."

லோடு ஆட்டோ முதலில் உறுமியது, அப்புறம் ஒரு குதி குதித்தது, அப்புறம் தெருவில் இறங்கியது. ஆனா மாமா மழையையும் முட்டியையும் மறந்து கூடவே ஓடிவந்தார். "ஆனா பிரேக்கு கொஞ்சம் இடது பக்கமா இழுக்கும். ஆனா ஹாரனை அமுக்கினா வைப்பர் நின்னுடும்." மூலை திரும்பியதும் அவர் குரல் நின்றது.

மழையில் நாற்சந்தி ஒரே குழப்பமாக இருந்தது. லாரி ஒன்று பின்னால் நின்று ஹாரன் அடித்தது. அம்மாவின் விரல்கள் ஹேண்டிலில் வெளுத்திருந்ததை டிகிரி பார்த்தாள். தேறும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதை மென்று விழுங்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, மழையில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அம்மா, இந்தப் பக்கம் இடம் இருக்கு. ஒரு பஸ் வருது, அது போகட்டும்... போயிடுச்சு. இப்பத் திருப்பு."

அம்மா திருப்பினாள்.

ரொட்டிக்கடை அக்கா மாவுக் கையோடு வெளியே வந்தாள். அம்மா வண்டியிலிருந்து இறங்காமலே சொன்னாள்: "அக்கா, எங்க வீட்டுக்காரர் நல்லா யோசிச்சுப் பாத்தாராம். முதல்ல சொன்னதுதான் சரியாம். தேறாதாம்."

அக்கா மாவுக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "அப்பாடா. அப்ப எடுத்துட்டுப் போங்க."

திரும்பும்போது மழை தூறலாகியிருந்தது. பின்னால் மோட்டார் ஒவ்வொரு பள்ளத்துக்கும் 'டங்' என்றது. காலுக்கடியில் அக்கா கொடுத்த ரொட்டி சூடாக இருந்தது.

"அம்மா, நான் தேறாதுன்னது தப்பு."

"அது பரம்பரைச் சொத்து. தானா வந்து சேரும்."

"நீ எப்படி அப்பாகிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்காம இருந்தே? நான் பாரு, கடையில நின்னு மானத்தை வாங்கினேன்."

"நீ கேட்டதுல தப்பில்ல. நீ கேட்டதாலதான் மனுஷன் இன்னைக்கு அந்த வார்த்தையை எடுத்து வாயில போட்டு மென்னு பாத்தாரு. பழக்கமில்ல, பல்லுல மாட்டிக்கிச்சு." கியர் மாற்றினாள், வண்டி முனகியது. "அது எடுத்து வெளிய வர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். உனக்கு அதுவரைக்கும் நேரம் இருக்கா?"

டிகிரி போனை எடுத்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எண்ணைத் தட்டினாள். அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். மோட்டாரின் 'டங்' சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னாள்: "நான் வர்றேன். ஆமா, திங்கக்கிழமை. இல்ல, யோசிக்க ஒண்ணும் இல்ல."

"நல்லது," என்றாள் அம்மா. "இப்ப அந்தப் பக்கம் இடம் இருக்கான்னு பாரு."

ரொட்டிக்கடை மோட்டாரை அப்பா அன்றைக்கே பிரித்தார். கருகிய காயிலை வெட்டி எடுத்து, புதுக் கம்பி சுற்றி, அம்மா நூல் கட்டி, வார்னிஷ் ஊற்றி, பல்பு வெளிச்சத்தின் சூட்டில் காய வைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் அக்கா அதை எடுத்துப்போக வந்தபோது, அப்பா வழக்கமான கடைசி வாக்கியத்தைச் சொன்னார்: "எடுத்துட்டுப் போங்க. நின்னா கொண்டு வாங்க." அக்கா கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள்.

பின்னாலேயே டிகிரி பெட்டியோடு திரையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலில் அம்மா வண்டியை ஓட விட்டு உட்கார்ந்திருந்தாள். ஆனா மாமா மடியில் எலுமிச்சம்பழப் பையோடு படியில் இருந்தார்.

அப்பா எழுந்து நின்றார். வாடிக்கையாளர் யாருக்கும் அவர் எழுந்ததில்லை. தொண்டையைச் செருமினார். "தே..." என்றார். மறுபடி செருமினார்.

"வேணாம்ப்பா," என்றாள் டிகிரி. "போன வாரமே போன் பண்ணி வர்றேன்னு சொல்லிட்டேன். நீங்க சொன்னாலும் போறேன், சொல்லாட்டியும் போறேன். தொண்டை கட்டிக்கப் போகுது, விடுங்க."

"ஆனா கப்பல்ல ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார் மாமா.

"மச்சான், வாயை மூடு," என்றார் அப்பா.

அந்தக் கடையில் மாமாவை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மாமாவே அசந்துபோய் வாயை மூடினார்.

அப்பா மகளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, வண்டியில் இருந்த அம்மாவைப் பார்த்து, மகள் பக்கம் மோவாயை அசைத்துச் சொன்னார்:

"எடுத்துட்டுப் போ. நின்னா கொண்டு வா."

டிகிரி எலுமிச்சம்பழப் பையை மாமா மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"நிக்காது," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.